உழைச்செல்வார் பணியும் உடலின் பகுதியும்: சென்னைக் காசநோய் ஆய்வின் வழி ஒரு நோக்கு

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் வகுப்பறைகளில் பெரும்பாலும் உணவு பற்றியதாகவே பயிலப்பெறுகின்றது. முதற்பாட்டை அடுத்த ஆறு பாட்டுகள் அளவறிந்து உண்ணுதலைக் கூறுதலே அதற்குக் காரணம். இறுதி மூன்று பாட்டுகளே மருத்துவன் செயலைப் பற்றியன. அவற்றுள்ளும் நோயின் முதலை நாடச் சொல்லும் பாட்டொன்றே மேடைதோறும் எடுத்தோதப்பெறுகின்றது. ஏனைய இரண்டையும் கற்பார் விரைந்து கடந்து விடுகின்றனர். ஒன்று, பிணியை மட்டும் கருதாது, அதனைத் தாங்கி நிற்கும் ஆளையும் அளந்தறிந்து மருத்துவம் செய்யவேண்டும் என்பது. மற்றொன்று, மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு உழைச்செல்வான் ஒருவனையும் ஒப்பவைத்து எண்ணுவது. உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே இருந்து மருந்தினை ஊட்டிப் பேணுவோனே உழைச்செல்வான். இன்று நாம் செவிலியர் என்று வழங்குவோரின் பழம்பெயர் இது எனலாம்.

இவ்விரண்டு பாட்டுகளுக்கும் பரிமேலழகர் எழுதிய உரை, மருத்துவ நூற்பயிற்சி உடையார் ஒருவர் எழுதியது போன்று செறிவுடையது. நோயாளியின் அளவு என்பதற்கு அவர் கூறும் பொருள்களுள் முதலாவது பகுதி என்பது. வடநூலார் பிரகிருதி என்பதனையே அவர் பகுதி என்கின்றார். ஒருவன் பிறப்பிலேயே பெற்று வந்த உடலியல்பு என்பது கருத்து. மருந்துக்குரிய நான்கு இயல்புகளை அடுக்குமிடத்தும், அது நோயாளியின் பகுதியொடு பொருந்துவதாதல் வேண்டும் என்பதனை இறுதியில் வைக்கின்றார். உழைச்செல்வானுக்கு அவர் வேண்டுவன நோயாளியிடம் அன்பு, தூய்மை, சொல்லியதைப் பிழையாது செய்யும் திறம், அறிவு என்னும் நான்கு. நோயாளிக்கு வேண்டுவனவற்றுள் தன் நோய்நிலையை எடுத்துரைத்தலும் ஒன்று. இந்நாற்பகுப்பு தமிழுக்கே உரியதன்று. சரகர் நூலிலும் வாகடர் நூலிலும் இது காணப்படுகின்றது. வள்ளுவர் மரபணுவை அறிந்திருந்தார் என்று எழுதப் புகுவாரும் இந்நாளில் உளர். அவ்வழியில் யாம் செல்லவில்லை. பகுதி என்னும் சொல்லுக்கும் மரபணு என்னும் சொல்லுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது; வாத பித்த ஐயக் கொள்கையைக் கொண்டு அதனைக் கடத்தல் இயலாது. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. மருந்து பகுதியொடு பொருந்துகின்றதா என்பதனை அறிபவர் யார்? மருத்துவனா, பக்கத்தே இருப்பவனா? இவ்வினாவுக்கு விடை தரவல்ல வரலாறு ஒன்று இருபதாம் நூற்றாண்டில் சென்னையிலேயே நிகழ்ந்துள்ளது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அறிவியற் பின்னணியைச் சுருங்கக் கூறுவோம். உடலில் நிகழும் வேதியியல் மாற்றங்களில் ஆளுக்கு ஆள் பிறவி வேறுபாடு உண்டு என்பதனை ஆங்கில மருத்துவர் கேரட் 1902-ல் சிறுநீர் கருக்கும் ஒரு நோயை வைத்து நிறுவினார். மருந்துகளின் செயலிலும் இவ்வேறுபாடு உண்டென்பது ஐம்பதுகளில் தெளிவாயிற்று. மலேரியாவுக்குக் கொடுத்த பிரைமகுவின் சிலருடைய குருதி அணுக்களை உடைத்தது. 1956-ல் அதற்கு ஒரு நொதியின் குறைவே காரணம் எனக் கண்டனர். 1957-ல் மொட்டுல்ஸ்கி இத்தகைய செய்திகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வரைந்தார். 1959-ல் செருமானியராகிய ஃபோகெல் இத்துறைக்குப் பார்மகோஜெனிட்டிக்ஸ் என்று பெயரிட்டார். மருந்து மரபியல் என்று நாம் கூறலாம். காலோ என்பார் 1962-ல் இத்துறைக்கு ஒரு முழுநூலே எழுதினார். இவ்வளவும் ஆய்வுக்கூடத்து வரலாறு. பாடநூல்களும் இதனையே கூறுகின்றன. நோயாளியின் பக்கத்தே நின்றாரைப் பற்றி இவ்வரலாறு யாதும் கூறவில்லை.

இனிச் சென்னைக்கு வருவோம். காசநோயை நம் முன்னோர் எலும்புருக்கி என்றும் க்ஷயம் என்றும் வழங்கினர். அதற்கு 1952-ல் ஐசோனியாசிட் என்னும் மருந்து வழக்கிற்கு வந்தது. அம்மருந்து புதிதாக ஆக்கப்பட்டதன்று. 1912-லேயே பிராகு நகரில் வேதியியலார் இருவர் செய்து வைத்திருந்த பொருளே அது. அதன் பயன் தெரிய நாற்பது ஆண்டுகள் கழிந்தன. அம்மருந்து மலிவானது, வாயால் உண்ணத் தக்கது. அதற்கு முன் காசநோயாளி என்றால் ஊர்ப்புறத்துச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்த படுக்கையாக இருத்தலே மருத்துவமாக இருந்தது. இந்தியாவில் நோயாளிகளின் தொகைக்கும் படுக்கைகளின் தொகைக்கும் எவ்வகையானும் பொருத்தமில்லை. எனவே, நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் நோய் தீருமா என்பதனை அறிய, 1956-ல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார அமைப்பு, பிரிட்டானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதனை இணைந்து நடத்தின. முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். சேத்துப்பட்டில் இயங்கிவரும் அந்நிறுவனம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயருடையது.

அம்மையத்தின் முதல் ஆய்வில் 193 நோயாளிகள் இடம்பெற்றனர். வீட்டில் இருப்போர், சானடோரியத்தில் இருப்போர் எனக் குலுக்கல் முறையில் இரு கூறாக அவர்களைப் பிரித்தனர். இரு சாராருக்கும் ஒரே மருந்து. ஐசோனியாசிட்டும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும் ஓராண்டு. சானடோரியத்தாருக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தாரோ சென்னையின் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழையர். குறையுணவு உண்டு வேலைக்கும் சென்று வந்தனர். ஓராண்டின் முடிவில் நோய் அடங்கினோர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் நூற்றுக்கு 86. 1959-ல் வெளியான இம்முடிவு உலகத்துச் சானடோரியங்களை ஒவ்வொன்றாக மூடச் செய்த காரணங்களுள் ஒன்றாயிற்று. வீட்டில் இருந்தாரோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இவ்வெற்றியை மருந்தின் வெற்றி என்றே பலரும் எழுதுகின்றனர். ஆயின் படுக்கை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் பெயர்ந்தபொழுது உழைச்செல்வார் பணியும் உடன் பெயர்ந்தது என்பதனை மறத்தல் கூடாது. மருத்துவமனைச் செவிலி செய்து வந்த பணியின் ஒரு பங்கு நோயாளியின் தாய்க்கும் மனைவிக்கும் சென்றது. மறுபங்கு, தெருத் தெருவாக நடந்து செல்லும் சுகாதாரப் பார்வையாளருக்கும் பொதுச் சுகாதாரச் செவிலியருக்கும் சென்றது. அவர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்றனர். கையிருப்பில் உள்ள மாத்திரைகளை எண்ணினர். சிறுநீர் கேட்டு வாங்கினர். சிறுநீரில் இரும்புக் குளோரைடுக் கரைசலை ஊற்றினால், சாலிசிலிக் அமில மருந்தை உண்டவருடையது நிறம் மாறும். கிழமைக்கணக்கில் மருந்தைப் பெற்றுச் சென்று உண்ணாது வைத்திருப்பார் உளர் என்பதனை மையத்தார் இவ்வாறு கண்டனர். நோயாளி தானே மருந்துண்ணுதலில் உள்ள இடர்ப்பாடு பற்றி ஃபாக்ஸ் 1958-ல் எழுதிய கட்டுரை இவ்வனுபவத்தின் அடியாக எழுந்தது.

மாத்திரை எண்ணுதல் எளிய வேலை என்று தோன்றும். ஆனால் அதனை நன்கு செய்வதற்கு இன்சொல் வேண்டும். மாத்திரையை எண்ண வந்தவர் காவலரைப்போல் நடந்துகொண்டால், அடுத்த முறை எண்ணிக்கை சரியாக இருக்கும்; எஞ்சியவை குப்பையில் இருக்கும். பரிமேலழகர் அன்பினை முதலில் வைத்தமைக்கு இதுவே பொருள் போலும்.

இனி, இக்கட்டுரையின் மையப்பொருளுக்கு வருவோம். ஐசோனியாசிட்டை உண்டும் சிலருக்கு நோய் அடங்கவில்லை. சளியில் கிருமி தொடர்ந்து காணப்பட்டது. இதற்கு விடை இரண்டாக இருத்தல் கூடும். ஒன்று, அவர் மருந்தை உண்ணவில்லை. மற்றொன்று, அவர் உண்டார், ஆயின் அவர் உடல் அதனைப் பிறரினும் விரைவாக அழித்துவிட்டது. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும்.

இரண்டாம் விடைக்கு அடிப்படை இது. உண்ட ஐசோனியாசிட்டைக் கல்லீரல் அசெட்டைல் என்னும் ஒரு சிறு கூற்றைச் சேர்த்துச் செயலற்றதாக்கிச் சிறுநீரில் கழித்துவிடுகின்றது. இத்தொழில் எல்லா உடலிலும் ஒரே விரைவில் நிகழ்வதில்லை என்பது 1953, 1954 ஆம் ஆண்டுகளிலேயே மேனாட்டார் சிலருக்குப் புலப்பட்டது. மருந்து கொடுத்துச் சில மணி நேரம் கழித்துக் குருதியை ஆராய்ந்தால் மக்கள் இரு கூட்டமாகப் பிரிந்து நிற்பர். ஒரு கூட்டத்தாரிடம் மருந்து மிகுந்திருக்கும். மற்றக் கூட்டத்தாரிடம் பெரும்பகுதி மறைந்திருக்கும். முன்னவரை மெல்லச் சிதைப்போர் என்றும் பின்னவரை விரைந்து சிதைப்போர் என்றும் ஈண்டு வழங்குவோம். 1960-ல் எவான்ஸ், மான்லி, மக்கூசிக் ஆகியோர் பல குடும்பங்களை ஆராய்ந்து இவ்வியல்பு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவது என நிறுவினர். தாயும் தந்தையும் மெல்லச் சிதைப்போராயின் மக்களும் அவ்வாறே இருப்பர். சென்னை மையத்தில் கங்காதரம் முதலியோர் 1961-ல் வெளியிட்ட ஆய்வின்படி தென்னிந்திய நோயாளிகளுள் ஏறத்தாழ ஐந்தில் மூவர் மெல்லச் சிதைப்போர். சப்பானியரிடையே இவ்வியல்புடையார் பத்தில் ஒருவர் அளவினரே. ஆகவே ஒரே மாத்திரை சென்னையிலும் டோக்கியோவிலும் ஒரே மருந்தாக இருத்தல் இயலாது.

மெல்லச் சிதைப்போருக்கு மருந்தின் பயன் மிகுதி. அதனால் வரும் துன்பமும் மிகுதி. ஐசோனியாசிட் பி6 என்னும் உயிர்ச்சத்தின் செயலைத் தடுப்பது. குறையுணவினர் உடலில் அச்சத்து முன்னரே குறைந்திருக்கும். உயர்ந்த அளவில் மருந்துண்டார் சிலருக்குக் கைகால் நரம்புகள் நலிந்தன. தேவதத்தா முதலியோர் 1960-ல் எழுதியவாறு, அவ்வாறு நலிந்தாருள் பெரும்பாலார் மெல்லச் சிதைப்போரே. இந்நலிவு தொடக்கத்தில் எக்கருவிக்கும் புலனாவதன்று. நோயாளி சொன்னாலன்றித் தெரியாது. சொல்வதோ வீட்டுத் திண்ணையில், தன் மொழியில். உள்ளங்கால் காந்துகிறது என்பார் ஒருவர். மதமதவென்றிருக்கிறது என்பார் ஒருவர். எறும்பு ஊர்வது போலிருக்கிறது என்பார் வேறொருவர். வெயிலில் நடந்ததனால் வந்த சூடு என்று தாமே காரணம் கற்பித்துக்கொண்டு சொல்லாது விடுவாரும் இருப்பர். காந்தல் என்னும் சொல்லை நரம்பு நோயின் முதற்குறியாகக் கேட்டறியும் செவி உழைச்செல்வாரிடத்து இல்லையாயின், மரபியல் பற்றிய அறிவு ஆய்வுக்கூடத்திலேயே தங்கிவிடும். நோய்நிலையை எடுத்துரைத்தல் நோயாளியின் கடமை என்று உரையாசிரியர் கூறினார். அதனைக் கேட்பாரும் உடனிருத்தல் வேண்டும் என்பது அதனுள் அடங்கும்.

சங்க இலக்கியம் கற்பார்க்கு ஈண்டு ஒன்று நினைவுக்கு வரும். இன்று மருத்துவமனையில் பணிபுரிவாரைக் குறிக்கும் செவிலி என்னும் சொல் அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாய்க்குப் பெயர். தலைவியின் உடல் மெலிவையும் நிற வேறுபாட்டையும் கண்டு கவல்பவள் அவளே. அவள் கண்டது மெய். ஆயின் காரணத்தைப் பிறழ உணர்ந்து, முருகன் அணங்கினான் எனக் கொண்டு வேலனை அழைத்து வெறியாடச் செய்வாள். உண்மைக் காரணத்தைத் தோழி அறத்தொடு நின்று உரைத்த பின்னரே தெளிவு பிறக்கும். காசநோய் மருத்துவத்திலும் இத்தகைய பிறழ்ச்சி நேர்தல் கூடும். மருந்து பயன்படாத இடத்தெல்லாம் நோயாளி மருந்துண்ணாது பொய்யுரைக்கின்றார் என்று முடிவு கட்டுதல் எளிது. சிலர் பொய்யுரைத்தனர் என்பதும் உண்மையே. பொய்யுரையாத ஒருவர் பொய்யர் எனப்படுவது, நோயின் மேலும் ஒரு துன்பமன்றோ?

இவ்விரு காரணங்களையும் பிரித்தறிய வழி ஒன்றே உண்டு. ஒவ்வொரு முறையும் மருந்தைப் பிறர் கண்முன் உண்ணச் செய்தல் வேண்டும். அவ்வழியையும் சென்னை மையமே வகுத்தது. எனினும் மரபியலைக் கருதி வகுத்ததன்று. நாள்தோறும் மருந்துண்ணாத குறையைத் தீர்க்க, கிழமைக்கு இருமுறை மட்டும் நோயாளியை மையத்துக்கு வரச்செய்து, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் உயர்ந்த அளவு ஐசோனியாசிட்டும் பணியாளர் முன்னிலையில் கொடுத்தனர். 1964-ல் வெளிவந்த முடிவின்படி, நாள்தோறும் வீட்டில் உண்ணும் முறையினும் இம்முறை தாழ்ந்ததன்று. இருமுறை போதுமாயின் ஒருமுறை போதாதா என்பது அடுத்து எழுந்த வினா. கிழமைக்கு ஒருமுறை என்னும் திட்டங்களை ஆராய்ந்து 1970-ல் முடிவு வெளியிட்டனர். மெல்லச் சிதைப்போர் நலம் பெற்றனர். விரைந்து சிதைப்போருள் பயன் தெளிவாகக் குறைந்திருந்தது. கிழமைக்கு இருமுறை கொடுத்தபொழுது இரு கூட்டத்தாருக்கும் இடையே இத்தகைய வேறுபாடு பெரிதாகத் தோன்றவில்லை.

இம்முடிவினைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். விரைந்து சிதைப்போரிடம் மருந்து தோற்றதற்கு மரபே காரணம் என்று துணிந்து கூற முடிந்தது எதனால்? அவர்கள் மருந்தை உண்டனர் என்பதில் ஐயம் இல்லாமையால். ஒவ்வொரு மாத்திரையும் ஒருவர் கண்முன் விழுங்கப்பெற்றது. ஒவ்வொரு ஊசியும் ஒருவர் கையால் இடப்பெற்றது. அக்கண்ணும் கையும் இல்லையாயின், எண்ணிக்கையில் தோன்றிய வேறுபாட்டை உண்டாரும் உண்ணாதாரும் கலந்த குழப்பம் மூடி மறைத்திருக்கும். மரபணு வேறுபாடு மருத்துவப் பயன்பாட்டில் தெளிவுறத் தோன்றுவதற்குச் செம்மையான செவிலியப் பணியே களம் அமைத்துக் கொடுத்தது என்பது எம் துணிபு. இன்று செவிலியப் பணியுள் மரபணு அறிவைப் புகுத்துதல் பற்றிப் பலரும் எழுதுகின்றனர். முன்னரே அமைந்த ஒன்றனுள் புதியதொன்றனைப் புகுத்துவது போல அவ்வெழுத்துகள் அமைகின்றன. வரலாறு இதற்கு மறுதலையாக உள்ளது. யாம் மேலே சுட்டிய கட்டுரைகளின் ஆசிரியராக நூலடைவுகளில் நிலைத்துள்ளோர் மருத்துவரும் வேதியியலாரும் புள்ளியியலாருமே ஆவர். வீடு வீடாகச் சென்றாரை இன்று யாரும் பெயர் சொல்லி நினைப்பதில்லை.

மரபு வேறுபாட்டைக் கண்டறிந்த பின் சென்னை மையத்தார் செய்தது யாது என்பதும் எண்ணத்தக்கது. ஆளுக்கொரு மருந்து என்னும் நெறியை அவர்கள் மேற்கொள்ளவில்லை. நரம்பு நலிவைத் தடுக்கப் பி6 உயிர்ச்சத்து உதவும் என்பதனை 1963-லும், மிகச் சிறிய அளவே போதும் என்பதனை 1967-லும் வெளியிட்டனர். அது மலிவானது, தீங்கற்றது. எனவே குருதியை ஆராய்ந்து மெல்லச் சிதைப்போரைப் பொறுக்கி எடுத்தல் வேண்டா. மருந்தோடு சேர்த்து எல்லோருக்கும் கொடுத்துவிடலாம். விரைந்து சிதைப்போருக்கு என மெல்லக் கரையும் ஐசோனியாசிட் மாத்திரையை எழுபதுகளில் ஆராய்ந்தனர். அது பொதுவழக்கிற்கு வரவில்லை. இரு கூட்டத்தாருக்கும் ஒப்பப் பயன்படும் முறையே நிலைபெற்றது. வேறுபாட்டை நுணுகி அறிந்து, அவ்வறிவினைக்கொண்டே வேறுபாடு தீங்கு செய்யாத பொதுமுறையை அமைத்தனர் என்க. வறிய நாட்டில் இது தக்கதே. ஆய்வுக்கூடம் இல்லாத சிற்றூரையும் இம்முறை சென்றடைந்தது. ஆயினும் இதற்கு விலையும் உண்டு. கண்முன் மருந்து கொடுத்தல் என்னும் முறை பின்னர் உலகெங்கும் பரவியபொழுது, மாத்திரை விழுங்கப்பட்டதா என்று பார்த்துக் குறித்தலே உழைச்செல்வார் பணி எனச் சுருங்கும் நிலை பல இடங்களில் உண்டாயிற்று. பரிமேலழகர் கூறிய நான்கனுள் சொல்லியதைச் செய்தல் ஒன்றே எஞ்சியது. அன்பும் அறிவும் பின்தள்ளப்பெற்றன. இந்திய நாட்டுத் திட்டம் கிழமைக்கு மும்முறை என்பதனைக் கைவிட்டு 2017-ல் நாள்தோறும் மருந்துண்ணும் முறைக்கு மாறியது. அதன்பின் மருந்துண்ணல் மீண்டும் பெரும்பாலும் வீட்டுக்கே சென்றுள்ளது. திண்ணையிற் கேட்கும் செவி மீண்டும் வேண்டப்படுகின்றது.

இதற்கிடையே மரபியல் வெகுதொலைவு சென்றுவிட்டது. ஐசோனியாசிட்டைச் சிதைக்கும் நொதிக்குரிய மரபணு எட்டாம் நிறப்புரியில் உள்ளது என்பது 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெரிந்தது. 2003-ல் மனித மரபணுத் தொகுதியின் வரிசை முற்றுப்பெற்றதாக அறிவிக்கப்பெற்றது. 2004-ல் தைவான் ஆய்வாளர், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின் சிலருக்குத் தோலையே உரித்துவிடுவதற்கு ஒரு மரபணு வகை காரணமாதலைக் காட்டினர். அமெரிக்கச் செவிலியர் அமைப்புகள் 2005-ல் கூடி, மரபியலில் ஒவ்வொரு செவிலியும் பெற்றிருக்க வேண்டிய தகுதிகளை வரையறுத்தன. அவற்றுள் ஒன்று, நோயாளியின் மூன்று தலைமுறைக் குடும்ப வரலாற்றையேனும் கேட்டறிந்து அதனைப் படமாக வரைதல். தமிழில் இதற்குக் கொடிவழி என்னும் அழகிய சொல் முன்னரே உண்டு. அரச மரபுகளுக்கு நாம் வரைந்த கொடிவழியை இனி நோயாளிகளுக்கும் வரைதல் வேண்டும்.

இது தமிழ்நாட்டில் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். அறுவை மருத்துவத்தில் தசைகளைத் தளர்த்தச் சக்சினில்கோலின் என்னும் மருந்தை ஊசிவழிச் செலுத்துவர். பெரும்பாலார் உடலில் உள்ள ஒரு நொதி அதனைச் சில நிமிடங்களில் அழித்துவிடும். அந்நொதி பிறவியிலேயே குறைந்தவருக்கு மூச்சுத் தசைகள் மணிக்கணக்கில் இயங்கா. கருவியால் மூச்சூட்டாவிடின் உயிர் பிரியும். மற்ற நாளில் அவர் முழுநலம் உடையவர். தமக்கு இக்குறை உண்டென்பதே அறியார். கோயம்புத்தூர்ப் பாரதியார் பல்கலைக்கழகத்தார் பிறநாட்டாரோடு இணைந்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு, வைசியச் சமூகத்தாரிடையே இக்குறைக்குக் காரணமான ஒரு மரபணு மாற்றத்தைக் கண்டறிந்தது. தம் சமூகத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணவுறவு கொள்வாரிடம் இத்தகைய மாற்றங்கள் நிலைத்து நிற்றல் இயல்பு. இதில் இழிவு யாதும் இல்லை. எல்லாச் சமூகத்திலும் ஏதேனும் ஒன்று இவ்வாறு நிலைத்திருக்கும். அறுவைக்கு முந்திய மாலையில், உங்கள் குடும்பத்தில் மயக்க மருந்து கொடுத்தபின் யாரேனும் நெடுநேரம் கண்விழியாது இருந்தது உண்டா என்று ஒருவர் பக்கத்தமர்ந்து கேட்டால், மறுநாள் வேறு மருந்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

அவ்வினாவை எந்தத் தமிழில் கேட்பது என்பதில்தான் தமிழ்த்துறையினராகிய நமக்குப் பங்கு உண்டு. உறவுப்பெயர்களில் தமிழ் வளம் மிக்கது. மேனாட்டுச் செவிலி ஒரே சொல்லால் கேட்டுக் குழம்புமிடத்து, அத்தை மகள், அக்காள் மகள், தாய்மாமன் என்று நம்மவர் சொல்லும்பொழுதே உறவின் வழி தெளிவாகிவிடும். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணத்தல் தென்னாட்டில் தொன்றுதொட்ட வழக்கமாதலின் கொடிவழி வரைவார்க்கு இத்தெளிவு பெரிதும் வேண்டப்படுவதாகும். ஆயின் இவ்வளமே ஓரிடத்தில் மயக்கமும் தரும். பெரியப்பன் மகனையும் சிற்றன்னை மகனையும் நாம் அண்ணன் என்றும் தம்பி என்றுமே அழைக்கின்றோம். உங்கள் அண்ணனுக்கு இவ்வாறு நேர்ந்ததா என்று கேட்டால், ஆம் என்னும் விடை உடன்பிறந்தானைக் குறிக்கலாம். பெரியப்பன் மகனையும் குறிக்கலாம். மரபணுக் கணக்கில் இவ்விரண்டும் வெவ்வேறு. உடன்பிறந்தார் இருவர் தம் மரபணுக்களில் ஏறத்தாழப் பாதியைப் பொதுவாக உடையர். உடன்பிறந்தாரின் மக்களோ எட்டில் ஒரு கூற்றினையே பொதுவாக உடையர். அயலூரார் மாமா, சித்தி என்று முறைவைத்து அழைக்கப்படுவதும் நம் வழக்கு. எனவே அழைக்கும் முறையைக் கேட்பதோடு நில்லாது, ஒரு தாய் வயிற்றுப் பிறந்தவரா, ஒரு தந்தைக்குப் பிறந்தவரா என்பதனையும் பிரித்துக் கேட்டல் வேண்டும்.

செவிலியர் கல்லூரிகளில் பயன்படும் மொழிபெயர்ப்பு வினாப்பட்டியல் சிலவற்றை யாம் கண்டோம். அவற்றில் சகோதரர் என்னும் சொல் இவ்வேறுபாடு காட்டப்பெறாமலே கையாளப்பட்டுள்ளது. காந்தல், மதமதப்பு, விறுவிறுப்பு போன்ற நோய்க்குறிச் சொற்கள் வட்டாரந்தோறும் எப்பொருளில் வழங்குகின்றன என்பதற்கும் தொகுப்பொன்றை யாம் கண்டிலோம். நெல்லையில் ஒரு பொருளில் வழங்கும் சொல் கொங்குநாட்டில் வேறு பொருளில் வழங்குதல் கூடும். உறவுப்பெயர்களையும் நோய்க்குறிச் சொற்களையும் நேரிற் சென்று கேட்டுத் தொகுத்தல் பட்ட மேற்படிப்பு மாணவர் இருவர் மூவர் ஓரிரு ஆண்டில் செய்துமுடிக்கத்தக்க வேலை. அதற்குரிய களம், காசநோய்ப் பணியாளர் இன்றும் நாள்தோறும் நடந்து செல்லும் தெருக்களே.